கண்ணைப் பறித்தது விதியா, நாடாவா?

விதி வலியது என்கின்றனர். எழுதியவன் அழித்து எழுதான் என்கின்றனர். நெற்றிக்குள்ளே ஓர் எழுத்து இருப்பதாகவும், வாழ்வும் தாழ்வும், வளமும் வறுமையும், பார்வையும் பார்வையிழப்பும் அந்த எழுத்தின்படியே வந்து சேருவதாகவும் சொல்லிச் சொல்லி, ஒரு நாட்டின் முதுகையே கூனலாக்கி விட்டனர். உழவனின் பயிர் கருகினால் விதி. மீனவனின் படகு கவிழ்ந்தால் விதி. தறிக்குடோனில் நின்று தறி ஓட்டும் தொழிலாளியின் கண்ணிலே நாடா பாய்ந்து பார்வை போனால், அதுவும் விதி!

நாம் கேட்கிறோம்: அந்த நாடாவுக்கு நெற்றி ஏது? அதிலே எழுதியவன் யார்?

நாடா என்பது ஒரு மரக்கட்டை. ஓடம் போன்ற உருவம் உடையது. ஓடம் என்ற பெயரும் அதற்கு உண்டு. இரு முனையிலும் எஃகுக் கூர். நடுவே குடைந்த குழியில் தார்க்குச்சி. தார்க்குச்சியிலே ஊடை நூல். விரித்த பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும் கணத்தில், அந்த வாய்க்குள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவருவதே அதன் வேலை. விசைத்தறியிலே நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அது இப்படிப் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஓர் அடியில் தொடங்கி ஓர் அணைப்பில் முடிய வேண்டும். பறக்க வைப்பது எளிது. பறந்ததைப் பிடித்து நிறுத்துவதிலேதான் அறிவு இருக்கிறது. நெசவுத் தொழிலின் கடந்த முந்நூறு ஆண்டு வரலாற்றிலே பெரும்பகுதி, இந்த மரக்கட்டையை அடக்கி ஆள மனிதன் பட்ட பாட்டின் வரலாறுதான். அதைப் புரட்டிப் பார்ப்போம், வாருங்கள் தோழர்களே! விதியை வணங்குவோர் விடை சொல்ல முடியாத வினாக்கள் அதிலே பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன.

கை நீளமே துணியின் அகலம்

ஒரு காலத்தில் உலகெங்கும் அதுதான் நிலை. ஒரு கையால் நாடாவை எறிய வேண்டும்; மறு கையால் பிடிக்க வேண்டும்; பிடித்த பின் அச்சை அடிக்க வேண்டும்; மீண்டும் எறிய வேண்டும். இரு கைகளும் நாடாவுக்கே அடிமை. கை எட்டும் தூரத்துக்கு மேல் அகலத் துணி வேண்டுமானால், தறியின் இரு பக்கமும் இரண்டு ஆட்கள் அமர்ந்து எறிந்து பிடிக்க வேண்டும். காஞ்சியின் குழித்தறிக்கும் இதே கதி. இங்கிலாந்தின் கம்பளித் தறிக்கும் இதே கதி.

1733. லங்காஷயரில் பரி நகரை அடுத்துப் பிறந்த ஜான் கே என்பவர், தறிக்கு அச்சு செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர், ஒரு காப்புரிமை பெற்றார். அச்சுப் பலகையின் மீது நாடா ஓடுவதற்கு ஒரு பாதை. பாதையின் இரு கோடியிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டிக்குள்ளே நாடாவை உதைத்துத் தள்ள ஒரு கட்டை. நம் தறிக்காரர்கள் பிக்கர் என்று சொல்கிறார்களே, அதுதான். இரு கட்டைகளையும் இணைக்க ஒரு கயிறு. கயிற்றின் நடுவே ஒரு கைப்பிடி. கைப்பிடியை வெட்டி இழுத்தால் நாடா பறந்து எதிர்ப்பெட்டியில் போய் அடையும். மறுபுறம் இழுத்தால் திரும்பும். ஒரு கை நாடாவுக்கு. மறு கை அச்சுக்கு. இருவர் செய்த வேலையை ஒருவர் செய்தார்.

ஒரு கயிறு, ஒரு கைப்பிடி, இரண்டு பெட்டி. இவ்வளவுதான் கருவி. ஆனால் விளைவு? தறியின் வேகத்துக்கு நூல் போதவில்லை. நூலுக்குப் பஞ்சம் வந்தது. பஞ்சம் போக்க நூற்பு இயந்திரங்கள் பிறந்தன. ஹார்கிரீவ்ஸ் ஒன்று செய்தார். 1769-இல் ஆர்க்ரைட் ஒன்று செய்தார். 1779-இல் கிராம்ப்டன் ஒன்று செய்தார். தொழிற்புரட்சி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அதன் தலைவாயிலில் தொங்கும் மணியின் கயிறு, ஜான் கே இழுத்த கயிறு!

அவருடைய மகன் இராபர்ட் கே, 1760-இல் ஏறி இறங்கும் பெட்டியைச் செய்தார். ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காகப் பல பெட்டிகள். பெட்டிக்கு ஒரு நாடா. நாடாவுக்கு ஒரு நிறம். வேண்டிய நிறத்தைப் பாதைக்கு நேரே கொண்டுவந்தால் அது பறக்கும். நம் ஊர் விசைத்தறிக்காரர் டிராப் பாக்ஸ் என்று அழைப்பது இதைத்தான். கட்டம் போட்ட லுங்கி உடுத்தும் ஒவ்வொருவரும் அந்த மகனுக்கும் ஒரு நன்றிக்கடன் பட்டவர்.

தந்தைக்குக் கிடைத்த பரிசு என்ன? துணி முதலாளிகள் கருவியை எடுத்துக்கொண்டனர். உரிமைப் பணத்தைக் கொடுக்க மறுத்தனர். கே வழக்குத் தொடுத்தார். வழக்குச் செலவைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள முதலாளிகள் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். நாடாச் சங்கம் என்றே அதற்குப் பெயர்! ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு என்ற பாடத்தைத் தொழிலாளிக்கு முன்பே சுரண்டுவோர் கற்றுக்கொண்டனர் பாருங்கள். கருவி தந்தவர் கடல் கடந்து பிரான்சுக்குப் போனார், அங்கேயே மறைந்தார்.

இதிலே விதி எங்கே வந்தது? அறிவு இருந்தது. அறிவைத் திருடிய பேராசை இருந்தது. இரண்டும் மனிதனுடையவை.

நிற்கக் கற்ற தறி

1785-இல் கார்ட்ரைட் என்ற பாதிரியார் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். கை ஓட்டிய தறியை நீரும் நீராவியும் ஓட்டத் தலைப்பட்டன. உடனே புதியதோர் ஆபத்து முளைத்தது. கைத்தறியில் நாடா பாதி வழியில் சிக்கினால் நெசவாளியின் கண் காணும், கை நிற்கும். நீராவிக்குக் கண் ஏது, கருணை ஏது? நாடா பாவுக்குள்ளே சிக்கிக் கிடக்க, அச்சு முழு விசையோடு வந்து மோதும். நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே அடியில் அறுந்து தொங்கும். ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் நாசம்.

அன்று அவர்கள் என்ன செய்தார்கள்? தறிக்குத் தாயத்துக் கட்டினார்களா? ஏன் சிக்கியது என்று கேட்டார்கள். கேள்வி பிறந்ததும் கருவி பிறந்தது.

1796-இல் கிளாஸ்கோ நகரத்து இராபர்ட் மில்லர் ஒரு காப்புக் கருவி அமைத்தார். அதன் நுட்பத்தைக் கேளுங்கள். நாடாப் பெட்டியின் சுவரிலே ஒரு வளைந்த நாக்கு. நாடா ஒழுங்காக வந்து பெட்டிக்குள் சேர்ந்தால் நாக்கைத் தள்ளும். நாக்கு தள்ளப்பட்டால் அதனோடு இணைந்த இரும்புக் கம்பி உயரும். தறி தன்பாட்டில் ஓடும். நாடா வந்து சேரவில்லையா? நாக்கு அசையாது. கம்பி உயராது. உயராத கம்பி எதிரே நிற்கும் தடையில் போய் முட்டும். தறி நின்றுவிடும். அச்சு நாடாவின் மேல் மோதுவதற்கு முன்பே நின்றுவிடும்! அந்த நாக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாய்ந்து வரும் நாடாவின் விலாவை அழுத்தி வேகத்தை வாங்கிக்கொள்வதும் அதுதான். அதற்குத் துணையாகப் பெட்டியின் கோடியிலே ஒரு தோல் பட்டை. நாடா மோதித் திரும்பாமல் மெத்தென்று ஏந்திக்கொள்ள.

நாடா பறக்கிறது, ஆனால் ஊடை நூல் அறுந்துவிட்டது அல்லது தார் தீர்ந்துவிட்டது, அப்போது? நூலில்லாமல் தறி வெறுமே அடித்துக்கொண்டிருக்கும். 1841-இல் கென்வொர்த்தி, புல்லோ என்ற இருவர் அதற்கும் வழி கண்டனர். கவை போன்ற ஒரு சிறு கருவி. ஊடை நூல் குறுக்கே இருந்தால் அது கவையின் பற்களை அழுத்தித் தள்ளும். நூல் இல்லையேல் கவை நகராது, கொக்கியில் மாட்டும், தறி நிற்கும். இவ்விருவரில் புல்லோ, தாமே தறியில் உட்கார்ந்து நெய்து பழகியவர்.

பிறகு பாவுக்கும் காவல் வந்தது. ஒவ்வோர் இழையிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். தகடு விழுந்தால் தறி நிற்கும். ஆயிரக்கணக்கான இழைகளில் ஏதோ ஒன்று, எந்த மூலையில் அறுந்தாலும் சரி, மொத்தத் தறியும் நின்று அந்த ஓர் இழைக்காகக் காத்திருக்கும்!

தோழர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரும்பாலும் மரத்தாலும் ஆன இயந்திரம், ஓர் இழை அறுந்தால் ஓட மறுக்கிறது. இரத்தமும் சதையும் கொண்ட சமுதாயமோ, ஒரு தொழிலாளி அறுந்து விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. விழுந்தவனைப் பார்த்து விதி என்று ஒரு சொல்லை வீசிவிட்டு ஓடுகிறது.

நாடா ஏன் தெறிக்கிறது? காரணங்களைத் தறிக்காரரே விரல் மடக்கிச் சொல்வார். தேய்ந்த பிக்கர் நாடாவைக் கோணலாக உதைக்கும். பெட்டியும் பாதையும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் முனை தூக்கும். அறுந்த பாவிழை ஒன்று திறந்த வாய்க்குள் தொங்கினால் அதில் இடறி நாடா மேலே எழும்பும். பெட்டியின் நாக்கு தளர்ந்திருந்தால் நாடா பின்வாங்கி நிற்கும். அடுத்த உதை அரைகுறையாக விழும். அரைகுறை வேகத்தில் போன நாடா வழிதவறும். எழும்பிய நாடா, எஃகு முனையோடு, எதிரே நிற்பவர் நெற்றியையோ கண்ணையோ தேடிப் போகிறது. காரணங்கள் நான்கைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்புளியோ ஒரு துண்டுத் தோலோ மருந்து. இந்தப் பட்டியலிலே சனியின் பார்வைக்கும் முற்பிறப்பின் பாவத்துக்கும் இடம் எங்கே இருக்கிறது?

நூலும் நூலும்

இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் பட்டியலை ஒரு முறை படியுங்கள். அச்சு செய்தவர் ஜான் கே. சவரத் தொழில் செய்தவர் ஆர்க்ரைட். பாதிரியார் கார்ட்ரைட். நெசவாளி புல்லோ. 1924-இல் தானே நாடா மாற்றிக்கொண்டு ஓடும் தறியை நிறைவேற்றிய ஜப்பானிய டொயோடா சகிச்சி, ஒரு தச்சரின் மகன். அந்தத் தச்சர் மகனின் தறிக்கான உரிமையை 1929-இல் விலை கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம். ஜான் கே பிறந்த அதே லங்காஷயர், ஆசியாவின் தச்சர் மகனிடம் கையேந்தியது!

பாதிரியார் தறி செய்தார். தீட்டு என்று எவரும் சொல்லவில்லை. சவரத் தொழிலாளி நூற்பு இயந்திரம் செய்தார். குலம் கெட்டது என்று எவரும் விலக்கவில்லை. தச்சர் மகன் நெசவில் நுழைந்தார். உன் உளியைப் பார் என்று எவரும் துரத்தவில்லை. அங்கே ஏழைமை இருந்தது, கொடுமை இருந்தது, முதலாளியின் கொள்ளை இருந்தது. ஆனால் ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்கு அறிவு நடந்து செல்ல ஒரு வாசல் இருந்தது.

இங்கே? அந்த வாசலை வருணம் அடைத்தது. அடைத்த கதவுக்குத் தாழ் போட்டது சாதி. தாழுக்குப் பூட்டுப் போட்டது புராணம். நெய்பவருக்கு நூல் உண்டு, நூலறிவு இல்லை. நூலறிவு பெற்றவருக்கு மார்பிலே நூல் உண்டு. தறியிலே இருக்கும் நூலைத் தொட்டால் தீட்டு. கையும் கருத்தும் கைகுலுக்காத நாட்டிலே கருவி எப்படிப் பிறக்கும்? உலகமே வியந்த மெல்லிய துணியை நெய்தது நம் கை. அந்தக் கையின் சுமையை ஒரு கயிற்றாலும் கைப்பிடியாலும் குறைக்கலாமே என்று எண்ண வேண்டிய அறிவு, எந்தத் திசை நோக்கிச் சந்தி செய்வது என்ற ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தது.

தேவலர் என்ற முனிவர் திருமாலின் உந்தித் தாமரைத் தண்டிலிருந்து நூல் வாங்கி வந்து தேவர்க்கெல்லாம் ஆடை நெய்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. முப்பத்து முக்கோடி பேருக்கும் ஆடை நெய்து கொடுத்தவருக்கு, அந்த முப்பத்து முக்கோடியில் ஒருவராவது நாடாப் பெட்டியின் நாக்கைச் சொல்லிக் கொடுத்தாரா? உடுத்திக்கொள்ள வந்தனர், உதவ வரவில்லை. நெய்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கட்டணத்துக்குப் பதில் கதை கொடுப்பது, அந்தக் காலத்துத் தேவருக்கும் இந்தக் காலத்து முதலாளிக்கும் பொதுவான வழக்கம் போலும்!

கும்பினியின் கொடுமையை நாம் மறைக்கவில்லை. வெள்ளைக்காரன் கொள்முதல் கொள்ளையும், லங்காஷயர்த் துணியின் படையெடுப்பும் நம் தறிகளை முறித்தது உண்மை. ஆனால் அவன் வந்து முறிப்பதற்கு முன் இருந்த நூற்றாண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? பறக்கும் நாடா இங்கே வந்த வரலாற்றைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மங்களூரிலும் கண்ணனூரிலும் பேசல் மிஷன் பாதிரிமார் நெசவுக்கூடங்கள் நிறுவினர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்திலே நெசவுக்கூடம் வைத்துப் பறக்கும் நாடாவைப் பரப்ப முயன்றார். 1733-க்கும் சேலத்துக்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டு! கடல் கடக்க அத்தனை ஆண்டா ஆகும்? கடலைக் கப்பல் கடந்துவிட்டது. குறுக்கே நின்ற வெள்ளை ஆட்சியின் அலட்சியத்தையும் நம் சாதிச் சுவரின் உயரத்தையும் கடக்கத்தான் அத்தனை ஆண்டு ஆயிற்று.

தறியோரத்துப் பிள்ளை

ஜான் கே, தறியருகே இருந்த இரண்டாவது ஆளை எழுப்பி அனுப்பினார். காஞ்சியிலே அந்த இரண்டாவது ஆள் பல காலம் எழவில்லை. கோர்வைச் சேலை அறிவீர்கள்: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் இழையோடு இழை பிணைந்திருக்கும். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளி ஒருவரின் இரு கைக்கு மூன்று நாடாவும் அடங்கா. ஆகவே கரையோரத்து நாடாவை எறிந்து பிடிக்க ஒரு துணை ஆள். கூலி கொடுத்துப் பெரிய ஆளை அமர்த்த வழியில்லாத வீட்டில் அந்தத் துணை ஆள் யார்? வீட்டுப் பிள்ளை. அல்லது முன்பணத்துக்கு ஈடாக வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை. 1990-களிலும் காஞ்சியின் பட்டுத்தறிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த செய்தி நாடறிந்தது. மூன்று நாடாவையும் ஒருவரே இயக்கும்படி பெட்டி அமைத்த கைத்தறிகள் செய்ய முடியாதவை அல்ல, செய்தும் காட்டினர். ஆனால் பெட்டிக்குப் பணம் வேண்டும். பிள்ளைக்கு வேண்டாம்!

வகுப்பறையில் நின்று வருகைப் பதிவேடு வாசிக்கும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. பெயரைக் கூப்பிட்டால் பதில் வராத இடத்திலே ஒரு தறி இருக்கிறது, ஒரு தீப்பெட்டிக் கட்டு இருக்கிறது, ஒரு கடன் இருக்கிறது. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே நாம் போடும் ஒவ்வொரு குறியும், ஒரு கருவி இல்லாத குறை.

1953-இல் ஆச்சாரியார், மாற்றியமைத்த தொடக்கக் கல்வி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயரிட்டது நம் இயக்கம். பெரியார் எதிர்த்தார்; அண்ணா எதிர்த்தார்; நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் அதைக் குழிதோண்டிப் புதைத்தார். நினைவிருக்கட்டும், ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நாடாவே இல்லாத தறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனத்த கட்டைக்குப் பதில் கையளவு உலோகத் துண்டு ஊடையைக் கவ்விக்கொண்டு பாயும் தறி! அங்கே நாடாவுக்கே ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தனர். இங்கே நெசவாளியின் மகனை நாடா பிடிக்கத் திருப்பி அனுப்பப் பார்த்தனர்.

புதைத்தது புதைந்தே கிடந்ததா? 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினர். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று முன்பக்கம் எழுதினர். நல்லது. பள்ளி முடிந்த பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று பின்பக்கம் எழுதினர். குடும்பத் தொழில்! பெயரைக் கவனியுங்கள். குலம் என்ற சொல்லை அழித்துவிட்டுக் குடும்பம் என்ற சொல்லை வைத்துவிட்டால், தறியோரத்துப் பிள்ளையின் விரல் நோவு குறைந்துவிடுமா? வாசல் வழியே விரட்டப்பட்டது கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது.

இயந்திரம் எதிரியா?

இங்கே ஒரு கேள்வி எழும். இயந்திரத்தை இவ்வளவு புகழ்கிறீர்களே, கைத்தறியாளரின் கஞ்சியில் மண்ணைப் போட்டது அந்த இயந்திரம்தானே? 1953-இல் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் நீங்கள்தானே? அண்ணாவே திருச்சித் தெருக்களில் விற்றாரே?

ஆம், விற்றோம். பெருமையோடு சொல்கிறோம். அன்று நாம் தூக்கியது பழைமையின் மூட்டையன்று, பசித்தவனின் மூட்டை. கைத்தறியாளன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதும், அவன் மகன் கைத்தறியிலேயே கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பதும் ஒன்றோடொன்று மோதும் கொள்கைகள் அல்ல. முதலாவது இன்றைய சோற்றுக்கு. இரண்டாவது நாளைய விடுதலைக்கு.

இங்கிலாந்திலே 1826-இல் லங்காஷயர்க் கைத்தறியாளர்கள் விசைத்தறிகளை உடைத்தனர். அவர்களை அறிவிலிகள் என்று நாம் ஏசமாட்டோம். தறி தங்கள் சோற்றைத் தின்றதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் தின்ற வாய் தறியின் வாய் அன்று; தறியின் பின்னே நின்றவரின் வாய். இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்தால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்? தொழிலாளிக்குச் சொந்தமானால் அது ஓய்வு, படிப்பு, பிள்ளையோடு பேசும் மாலைப்பொழுது. முதலாளிக்குச் சொந்தமானால் அது ஆள்குறைப்பு. கருவி ஒன்றே, கணக்கு வேறு. பெரியார் 'இனிவரும் உலகம்' எழுதி இயந்திரத்தை வரவேற்றபோது, உழைப்பின் பாரம் குறைந்த மனிதனைத்தான் கண்முன் கண்டார். அந்தக் கனவைப் பாதியாக வெட்டி இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது முதலாளித்துவம்.

கருவி உண்டு, மனம் இல்லை

முதலாளியின் கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு லங்காஷயரிலேயே ஒரு சான்று கேளுங்கள். தார் தீர்ந்து புதுத் தார் வைக்கும்போது, நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். எளிய வழி, துளையில் வாய் வைத்து உறிஞ்சுவது. நாடாவை முத்தமிடுதல் என்று அங்கே அதற்குப் பெயர். அழகான பெயர், அருவருப்பான வேலை! பெரும்பாலும் பெண்கள். ஒரே நாடாவிலே பல வாய்கள். பஞ்சுத் தூசும் சாயமும் எண்ணெயும் உள்ளே போகும். ஒருவர் எச்சிலோடு இன்னொருவருக்கு நோயும் போகும். வாய் வைக்காமல் கையாலேயே நூல் கோக்கும் நாடா கண்டுபிடிக்கப்பட்டது. நார்த்ராப் என்பவர் அமெரிக்காவில் 1890-களில் அமைத்த தானியங்கித் தறியின் நாடா, நூலைத் தானே கோத்துக்கொண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இல் இந்த முத்தத்துக்குத் தடை விதித்தது. லங்காஷயரில் தடை வந்தது எப்போது? 1952-இல்! கருவி கைக்கு எட்டிய பிறகும் நாற்பதாண்டுக்கு மேல் பெண்களின் வாய் கருவியாக இருந்தது. ஏன்? பழைய நாடாக்களை மாற்றச் செலவாகும், வாய்க்குச் செலவில்லை.

காஞ்சியில் பிள்ளைக்குச் செலவில்லை. லங்காஷயரில் வாய்க்குச் செலவில்லை. நம் கொங்கு நாட்டுத் தறிக்குடோனில் கண்ணுக்குச் செலவில்லை!

நாடா தெறிக்காமல் தடுக்கக் காப்புக் கம்பி என்று ஒன்று உண்டு. அச்சின் முன்னே, நாடாப் பாதைக்கு மேலே, ஒரு கம்பி, அவ்வளவுதான். எழும்பும் நாடா அதில் முட்டிப் பாவுக்குள்ளேயே விழும். ஓர் ஆளின் சில நாள் கூலியில் அடங்கிவிடக் கூடிய பொருள். எத்தனை கூடங்களில் அது இருக்கிறது? ஆலைகள் கழித்துப் போட்ட பழந்தறிகளை வாங்கி வந்து, கழன்ற காப்புக் கருவியைக் கழன்றபடியே விட்டு, தேய்ந்த பிக்கரைக் கயிறு கட்டி ஓட்டும் கூடங்கள் எத்தனை! இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும் அந்தக் கூடத்திலே, பன்னிரண்டு மணி நேரம் நின்று, காதையும் கொடுத்துக் கண்ணையும் பணயம் வைப்பவர், வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர். கம்பி போடுங்கள் என்று கேட்க வாய் திறந்தால், முன்பணத்தை வைத்துவிட்டுப் போ என்பது பதில்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் விசையோடு இயங்கும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. நான்கு தறி, எட்டுத் தறிக் கூடங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றன. காலத்துக்கேற்பப் பத்தை ஐந்தாக்கியிருக்க வேண்டும். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? பத்தை இருபதாக்கியது! பத்தொன்பது பேர் கண் வைத்து வேலை செய்தாலும் அது தொழிற்சாலை அன்று. நாடா மட்டும் ஆள் எண்ணிப் பார்த்துத்தான் தெறிக்குமா?

தமிழ்நாட்டு அரசு, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் கட்டணமில்லா மின்சாரம் தந்தது. 2023-இல் அதை 1000 யூனிட்டாக உயர்த்தியது. பாராட்டுகிறோம். சிறு தறி உரிமையாளரும் நூல் விலைக்கும் கூலி நெய்யக் கொடுப்போருக்கும் இடையே நசுங்குபவர்தான். அவருக்கு அந்த உதவி வேண்டும். ஆனால் உரிமையோடு ஒன்று கேட்கிறோம்: மின்சாரம் தரும் கை, கம்பியையும் கேட்கக் கூடாதா? காப்புக் கம்பி இல்லாத தறிக்குக் கட்டணமில்லா மின்சாரம் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதாதா? கம்பி வாங்க வசதியில்லாத சிறு தறிக்காரருக்கு அரசே கொடுத்தால் கருவூலம் காலியாகிவிடுமா?

இளைஞர்களுக்கு

பகுத்தறிவு என்பது மேடையிலே புராணத்தைக் கிழிப்பதோடு முடிந்துவிடும் வேலையன்று. கிழித்த இடத்தில் ஒன்றைத் தைக்கவும் வேண்டும். ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் சோமனூரிலும் பல்லடத்திலும் படிக்கும் இளைஞர்களே! உங்கள் தெருவிலே கேட்கும் தறியோசை வெறும் ஓசையன்று. அடுத்த ஞாயிறு ஒரு கூடத்துக்குள் போங்கள். நாடாப் பெட்டியைப் பாருங்கள். நாக்கு இருக்கிறதா, தோல் பட்டை இருக்கிறதா, காப்புக் கம்பி இருக்கிறதா என்று எண்ணுங்கள். எத்தனை தறி, எத்தனை கம்பி என்று எழுதுங்கள். எழுதியதை ஊர்க்கூட்டத்திலே படியுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். பதில் வரும் வரை மறுபடி கொடுங்கள். தறியோரத்தில் பள்ளிவயதுப் பிள்ளையைக் கண்டால், பெற்றவரைப் பழிக்காமல், கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். பதிவேட்டில் இடம் இருக்கிறது.

கண்ணிழந்த தொழிலாளியின் வீட்டுக்குப் போய், எல்லாம் விதி என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருபவர்களையும் அங்கே காண்பீர்கள். அவர்களிடம் சண்டை வேண்டாம். அந்தத் தறியருகே அழைத்துச் செல்லுங்கள். தேய்ந்த பிக்கரைக் காட்டுங்கள். கம்பி இருக்க வேண்டிய இடத்தின் வெறுமையைக் காட்டுங்கள். பிரம்மன் எழுதிய எழுத்தை அழிக்க எவராலும் முடியாது என்று அவர்கள் சொல்வார்கள். அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதாத இடத்தில் ஒரு கம்பியை முடுக்குங்கள். அந்தத் தறியின் நாடா இனி எவர் கண்ணையும் தேடிப் போகாது.